தாங்கல் பதில்கள்: இதுக்கு என்ன பேரு?

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வைத்திருக்கும் கேள்விப் பெட்டியைக் கொடுக்கும்போதே கடைக்காரர் சொல்லிவிட்டார்: "சார், இந்த வாட்டி ஒருத்தரும் பேர் எழுதலை. போன தடவை ஒருத்தரை ஓட்டினீங்க இல்ல, அந்தப் பயம்." ஆகவே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடையாளம் மட்டும் போட்டிருக்கிறேன். போன இதழில் கன்ட்ரி மியூசிக் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதித் தொலைத்தேன். பெட்டி முழுக்க அதே.

கன்ட்ரி மியூசிக் என்றால் என்ன? நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை மாதிரி நாட்டு இசையா?
*(காசி தியேட்டர் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்பவர்)*

கிண்டலாகக் கேட்டாலும் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். பிராய்லர் வந்த பிறகுதானே கோழிக்கு 'நாட்டு' பட்டம் கிடைத்தது? அதுவரை அது வெறும் கோழி. அமெரிக்காவின் தெற்கத்தி மலைக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து பாடியதற்கும் அப்படித்தான், பாட்டு என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. ரெக்கார்டு கம்பெனிகள் வந்தன. கடையில் அடுக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. முதலில் 'ஹில்பில்லி' என்றார்கள், நம்மூரில் 'பட்டிக்காட்டான்' என்பதுபோல. அப்புறம் கொஞ்சம் குளிப்பாட்டி, தலை சீவி 'கன்ட்ரி' ஆக்கினார்கள். கிடார், ஃபிடில், பாஞ்சோ. காதலி போய்விட்டாள், ரயில் போய்விட்டது, வேலை போய்விட்டது, அம்மா போய்விட்டாள்: இந்த நாலு போனால் ஒரு பாட்டு வந்துவிடும். நம் தெம்மாங்கில் ரயிலுக்குப் பதில் வண்டிமாடு. மற்ற மூன்றும் அதே.

ஆல்பம் என்றால் எனக்குக் கல்யாண ஆல்பம்தான் தெரியும். பாட்டுக்கு எதற்கு அந்தப் பெயர்?
*(பாலாஜி நகர், மாடி போர்ஷன் மாமி)*

அதேதான் மாமி. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். நீளமான கச்சேரி என்றால் ஐந்தாறு தட்டு தேவை. அவற்றைப் போட்டோ ஆல்பம் மாதிரி அட்டை போட்ட உறைகளில் செருகி விற்றார்கள். பிறகு எல்.பி. வந்து, எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. அட்டைப் புத்தகம் போயிற்று, பெயர் தங்கிவிட்டது. கல்யாண ஆல்பத்திலும் பாதிப் பேர் யாரென்று யாருக்கும் தெரியாது இல்லையா? அந்த ஒற்றுமை பற்றிக் கீழே நிறைய வரும்.

நம் பக்கத்தில் ஒரு கிராமத்து இசைக்காரர் ஸ்டூடியோ ஆல்பம் போட்டு ஜெயித்த கதை உண்டா? சினிமா கணக்கில் வராது, சொல்லிவிட்டேன்.
*(கிண்டி எஸ்டேட், லேத் பட்டறை)*

சினிமா வேண்டாம் என்று நீங்கள் போட்ட கண்டிஷனிலேயே தமிழ்நாட்டின் முக்கால்வாசிக் கதை அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவதில் முதலாவது, 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?'.

அவர் எப்படி நாட்டு இசைக்காரர் என்று சண்டைக்கு வராதீர்கள். தேனிப் பக்கம் பண்ணைப்புரம். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய், கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடிய குடும்பம். மேடைக்கு வெளிச்சம் பெட்ரோமாக்ஸ், கேட்கிறவர்கள் அப்போதுதான் வயலிலிருந்து ஏறி வந்தவர்கள். பாட்டு பிடிக்கவில்லை என்றால் அவர்கள் விமர்சனம் எழுத மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள். அதைவிடக் கடுமையான இசைப் பள்ளி உலகத்தில் இல்லை. பிறகு சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976-ல் 'அன்னக்கிளி'. முதல் பாட்டு ஒலிப்பதிவின்போது கரண்ட் போனதை அவரே மேடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அதற்கப்புறம் பத்து வருஷம் ஓய்வில்லாத சினிமா. எல்லாம் யாரோ ஒருவர் வாயசைக்க, யாரோ ஒருவர் மரத்தைச் சுற்ற. அந்தப் பத்து வருஷத்தின் முடிவில் நாயகன் இல்லை, பாடலாசிரியர் இல்லை, 'இந்த இடத்தில் மழை வருது சார்' என்று சொல்ல டைரக்டரும் இல்லை என்று ஒரு ஆல்பம் போட்டார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. முன்னணியில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின். திருவையாற்றுக்காரரும் ஜெர்மன்காரரும் சந்திக்க இடம் கொடுத்தவர் பண்ணைப்புரத்துக்காரர். அந்தச் சந்திப்புக்குத் தலைப்பே இருக்கிறது: 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்'. பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முன்னுரை அதில் அப்படியே ஓடும். கூடவே நம்மவர் தன் ஆட்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச விடுவார். விருந்தாளி அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார், வீட்டுக்காரர்கள் குறுக்கே பேசாமல் கூடப் பேசுகிறார்கள். நல்ல வீடு என்றால் அது.

ஜெயித்ததா என்றால், 1988-ல் வந்த 'வீடு' படத்துக்குப் பாலு மகேந்திரா பின்னணி இசையாக இதைத்தான் வைத்தார். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சென்னையில் ஒரு வீடு கட்ட நாயாய் அலைகிற படத்துக்கு இந்த வயலின்கள் எவ்வளவு பொருத்தம் என்பது, சிமென்ட் மூட்டைக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். சினிமா வேண்டாம் என்று போட்ட ஆல்பத்தை சினிமாவே தேடிவந்து வாங்கிக்கொண்டது. இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியாது.

அந்த ஆல்பத்தில் 'ஃப்யூக்' என்று ஏதோ வருகிறதே, அது என்ன ராகம்?
*(அசோக் நகர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்)*

ராகம் இல்லை வாத்தியாரே, ஏற்பாடு. மாமியார் ஒரு குறை சொல்ல ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் மாமனார் அதே குறையை வேறு ஸ்ருதியில் எடுப்பார். அவர் பாதியில் இருக்கும்போது நாத்தனார் நுழைவார். முதலில் ஆரம்பித்த மாமியார் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார், ஆனால் எல்லாரும் சேர்ந்து கேட்டால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். இதைத் தாளில் எழுதினால் ஃப்யூக். பாக் அதில் மகா கெட்டிக்காரர். அவருக்குப் பிள்ளைகளே இருபது, வீட்டிலேயே பயிற்சி.

இளையராஜாவா, ரஹ்மானா?
*(மெட்ரோ ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டு)*

மேலே சொன்ன ஆல்பத்திலேயே ஒரு உருப்படிக்குப் பெயர் 'ஒப்பிடாதே'. அடுத்த கேள்வி.

ப்ளேலிஸ்ட் காலத்தில் முழு ஆல்பத்தை யார் கேட்பது? பிடித்த பாட்டை எடுத்து, ஷஃபில் போட்டால் முடிந்தது.
*(ஒலிம்பியா டெக் பார்க், நைட் ஷிஃப்ட் தம்பி)*

தம்பி, 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்பதற்கு அடுத்த உருப்படியின் தலைப்பு '...பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம்'. ஷஃபில் போட்டால் முதலில் பேசுவார்கள், அப்புறம் சந்திப்பார்கள். உங்கள் ஆபீஸ் மீட்டிங் வேண்டுமானால் அப்படி நடக்கலாம்.

நாட்டுப்புறப் பாடகர்கள் எல்லாருக்கும் ஏன் பெயருக்கு முன்னால் ஊர் இருக்கிறது?
*(ஜாபர்கான்பேட்டை, டீக்கடை பெஞ்ச்)*

கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா, தஞ்சை சின்னப்பொண்ணு, புஷ்பவனம் குப்புசாமி, தேக்கம்பட்டி சுந்தரராஜன். சொல்லிப் பாருங்கள், பெயரே தாளத்தில் வரும். அரியக்குடி, செம்மங்குடி என்று கர்நாடக வித்வான்களுக்கும் ஊர் உண்டுதான். ஆனால் அங்கே ஊரை மட்டும் சொன்னாலே ஆள் வந்துவிடுவார், அது பட்டம். இங்கே ஊர் என்பது முகவரி. "இந்தப் பாட்டு யாருது?" என்று கேட்டால், "எங்க ஊர்ப் பாட்டு" என்பதுதான் பதில். ஆகவே ஊரையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவிலும் உண்டு: டென்னசி எர்னி ஃபோர்டு என்று ஒரு கன்ட்ரி பாடகர், சுரங்கத் தொழிலாளியின் கடன் கஷ்டத்தை 1955-ல் பாடி, நாடே முணுமுணுக்க வைத்தார்.

நம் பேட்டையில் ஒருவர் இந்த முறையில் கிளம்பினால்தான் சிக்கல். 'ஈக்காட்டுத்தாங்கல்' என்று போஸ்டரில் போட்ட பிறகு அவர் பெயருக்கு இடம் இருக்காது.

அது இருக்கட்டும், ஈக்காட்டுத்தாங்கலில் 'தாங்கல்' என்ன? யார் யாரைத் தாங்குகிறார்கள்?
*(புதிதாகக் குடிவந்தவர், அட்வான்ஸ் கொடுத்த களைப்பில்)*

தாங்கல் என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் சின்ன ஏரி. வேடந்தாங்கலுக்குப் பறவை வருகிறது, பழவந்தாங்கலுக்கு ரயில் வருகிறது. நமக்கு 2015 ஜூனில் மெட்ரோ வந்தது, டிசம்பரில் அடையாறே வந்தது. உங்களை வாடகை தாங்கச் சொல்வது மட்டும் வீட்டுக்காரரின் சொந்த விளக்கம்.

கருப்பாயி அம்மா ஆல்பம் போட்டிருக்கிறாரா? 'ஆண் பாவம்' படத்தில் பார்த்ததோடு சரி.
*(கலைமகள் நகர், ரேஷன் வரிசை)*

1985-ல் அந்தப் படம் வருவதற்கு முன்பே அவர் வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர். வானொலி ஸ்டூடியோவை நினைத்துப் பாருங்கள். வயலில் நாற்று நடும்போது பாட்டு எப்போது முடியும்? வரப்பு வந்தால் முடியும். தாலாட்டு, பிள்ளை தூங்கினால் முடியும். ஒப்பாரிக்கு அந்த வரையறையும் கிடையாது. ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையைத் தூக்கினால் முடிய வேண்டும். எதிரில் நாற்றுமில்லை, பிள்ளையுமில்லை, ஒரு மைக் மட்டும். யாரும் குலவை போடாத அந்த அறையில் பாட்டு உயிரோடு வர வேண்டுமென்றால் பாடுகிறவரின் தலைக்குள்ளே ஒரு ஊரே இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது. 2025-ல் காலமானார், நூற்றாண்டை எட்டித் தொடும் வயதில். அவரை நம்மில் பெரும்பாலோர் 'அந்தப் பாண்டியராஜன் படத்துப் பாட்டி' என்றே சொல்கிறோம். நீங்களும் அப்படித்தான் கேட்டீர்கள். கோபமில்லை, நானும் பத்து வருஷம் அப்படித்தான் சொன்னேன்.

நாட்டுப்பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? கேட்க ஆளில்லையே.
*(சாலிகிராமம், உதவி இயக்குநர், பத்தாவது வருடம்)*

கேட்க ஆளில்லாத வீட்டில் எல்லாரும் சொந்தக்காரர்கள்தான். இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. கன்ட்ரி இசையின் பிறந்த வீட்டுக் கதையே இதுதான், கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

1927 ஜூலை கடைசி. விக்டர் ரெக்கார்டு கம்பெனியின் ரால்ஃப் பீர் என்பவர், அமெரிக்காவில் பிரிஸ்டல் என்ற சின்ன ஊரில், தொப்பிக் கம்பெனி இருந்த ஒரு கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை இறக்கினார். மலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு குடும்பம் ஏ.பி.கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் சித்தி பெரியம்மா வழித் தங்கை மேபெல். மேபெல் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி, அதோடு கிடாரும் வாசித்தார். ஒரு பாட்டுக்கு 50 டாலர். ஒலிப்பதிவு நடந்த அதே இரண்டு வாரத்தில் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கேதான் முதல் முறையாகப் பதிவானார். கன்ட்ரி இசையின் சரித்திரம் எழுதுகிற எல்லாரும் அந்தத் தொப்பிக் கட்டடத்தில் ஒரு தடவை ஏறி இறங்காமல் இருப்பதில்லை.

தட்டுகள் விற்றன. கம்பெனி இன்னும் பாட்டு கேட்டது. ஏ.பி.கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரிக்க ஆரம்பித்தார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில், கறுப்பினக் கிடார்க்காரர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து கார்ட்டர் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பார். நடமாடும் டேப் ரெக்கார்டர். தட்டு வந்தபோது ஆக்கியவர் என்ற இடத்தில் ஏ.பி.கார்ட்டர் பெயர். பாடிக் கொடுத்த கிழவிகள் பெயரில்லை, ரிடில் பெயருமில்லை. 1960-களில் யாரோ தேடிப்போய்க் கண்டுபிடிக்கும்வரை அந்த மனிதர் இருந்த இடம் தெரியாது. பாஞ்சோவும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளின் கையோடு போன வாத்தியம்தான். நூறு வருஷம் கழித்து அது வெள்ளைக்காரக் குடியானவனின் அடையாளமாகிவிட்டது.

இங்கே வாருங்கள். டைட்டிலில் 'பாரம்பரியம்' என்று ஒரு வார்த்தை போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். மரியாதையாகத்தான் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால், செக் எழுத வேண்டிய இடத்தில் ஆள் பெயர் இல்லை என்று அர்த்தம். மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டு சேகரித்து, தாங்களே மேடையேறிப் பாடி, கேசட்டாக்கினார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. அவர்கள் செய்தது ஆய்வு, கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. நீங்கள் செய்யப்போவதற்கு வேறு பெயர் உண்டு. பத்து வருஷம் காத்திருந்துவிட்டீர்கள், முதல் படத்தில் ஒரு கிழவியின் பாட்டை எடுத்தால் அவர் பெயரை டைட்டிலில் போடுங்கள். ஒரு வரிதான். ஒரு பைசாகூடச் செலவு ஏறாது.

'எஞ்சாயி எஞ்சாமி' ஆல்பமா? அது கன்ட்ரியா, ராப்பா? என் பேத்தி சண்டை போடுகிறாள்.
*(பாலாஜி நகர் மாமி, மறுபடியும்)*

ஆல்பம் இல்லை மாமி, ஒற்றைப் பாட்டு. 2021 மார்ச்சில் வந்தது. தீ, அறிவு பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. ஒப்பாரியும் ராப்பும் ஒரே பாயில் உட்கார்ந்த பாட்டு, அதனால் பேத்தியும் ஜெயித்தாள், நீங்களும் ஜெயித்தீர்கள்.

ஆனால் அதன் பின்கதையில்தான் நம் விஷயம் இருக்கிறது. அறிவு அரக்கோணத்துப் பிள்ளை. பாட்டுக்கு விதை அவர் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர். உலகமே பாட்டைக் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பத்திரிகையின் அட்டையில் பாட்டைப் பற்றிப் பெருமையாகப் போட்டார்கள், எழுதிப் பாடிய அறிவைக் காணோம். பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், ஊரே கேட்டது. அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் பாட்டு வந்தது, அவர் வரவில்லை. பணக் கணக்கு இன்னும் விசேஷம். மூன்று வருஷமாகப் பாட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளரே சொன்னார்.

இதற்கு அறிவு சொன்ன பதிலை நான் ரொம்ப ரசிக்கிறேன். 2024-ல் ஒரு முழு ஸ்டூடியோ ஆல்பம் போட்டார், அதன் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. கவனியுங்கள், தன் பெயரைக்கூடப் போடவில்லை. பாட்டியின் பெயரைப் போட்டு, அவளுக்கு நான் என்ன முறை என்பதை மட்டும் சொன்னார். அட்டையில் பெயர் வராத பெண்கள் எத்தனை தலைமுறை! இனி யார் அந்த ஆல்பத்தைக் கேட்டாலும், தேடினாலும், திட்டினாலும் வள்ளியம்மாவைச் சொல்லாமல் முடியாது. விற்பனைக் கணக்கு எனக்கு முக்கியமில்லை, என் அளவுகோலில் இது வெற்றி.

பெரிய ஸ்டூடியோ, நூறு வாத்தியம் இல்லாமல் ஆல்பம் எடுபடுமா?
*(வடபழனி, கீபோர்டு கலைஞர்)*

கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 1975-ல் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்று ஒரு ஆல்பம் போட்டார். கன்ட்ரி ஸ்டூடியோக்கள் நிறைந்த நாஷ்வில்லில் அப்போது வயலின் படை, கோரஸ் படை எல்லாம் இல்லாமல் பதிவு கிடையாது. இவர் டெக்சாஸில் கார்லண்ட் என்ற ஊரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், தன் ஆட்களோடு, பெரும்பாலும் கிடாரும் பியானோவும் வைத்துச் சில நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் கேட்டுவிட்டு, "மாதிரிப் பதிவு நன்றாக இருக்கிறது, எப்போது நிஜமாகப் பதிவு செய்யப் போகிறீர்கள்?" என்கிற தினுசில் முழித்தார்கள். ஒப்பந்தப்படி அவர் கொடுத்ததை அப்படியே வெளியிட வேண்டிய கட்டாயம். வெளியிட்டார்கள். பத்து லட்சக் கணக்கில் விற்றது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது: அந்த ஒப்பந்தத்தை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு சிக்கனமாக வாசியுங்கள். வரிசையை மாற்றினால் சிக்கனம் மட்டும்தான் மிஞ்சும்.

கௌபாய் தொப்பி போட்ட இந்தியன் யாராவது உண்டா? எங்க வீட்டுக்காரர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.
*(அடையாறு, திருமணமாகி 22 ஆண்டு)*

டேராடூனிலிருந்து பாபி கேஷ் என்று ஒருவர் கிளம்பி, ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த் கன்ட்ரி இசைத் திருவிழாவில் பாடி, அந்த ஊர்க்காரர்களையே தொப்பியைக் கழற்ற வைத்தார். உங்கள் வீட்டுக்காரர் எதற்காகப் போடுகிறார்? வழுக்கை என்றால் மன்னித்துவிடுங்கள்.

பியான்சே எல்லாம் கன்ட்ரி ஆல்பம் போடுகிறாரே, இது நியாயமா?
*(தி.நகர், ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை, மதிய இடைவேளை)*

'கௌபாய் கார்ட்டர்', 2024. கன்ட்ரி இசைச் சங்கத்து விருதில் ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. 2025 கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த கன்ட்ரி ஆல்பம் இரண்டும் அவருக்கே. டெக்சாஸில் பிறந்த பெண்ணைப் பார்த்து "நீ எந்த ஊர்?" என்று கேட்டவர்களுக்கு வேறு யாரோ பதில் சொன்னார்கள். நம்மூரிலும் பறையைச் சபாவுக்குள் விடலாமா என்று மயிலாப்பூர்ப் பக்கம் பேசியவர்களை எனக்குத் தெரியும். 2007-ல் சென்னை சங்கமம் திருவிழா வந்து பூங்காக்களில் பறையும் கரகமும் இறங்கியபோது, வாக்கிங் வந்தவர்களே வட்டம் கட்டி நின்றார்கள். சபாக் கதவு திறக்கும்வரை வாத்தியம் காத்திருக்கவில்லை.

நீங்கள் இன்னும் கேசட் வைத்திருப்பதாக ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். எதற்கு?
*(பெயர் மட்டுமல்ல, அடையாளமும் எழுதாதவர்)*

இதற்குக் கொஞ்சம் பெரிய பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் முதல் வாரம் எங்கள் தரைத்தள வீட்டில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. வடிந்த பிறகு கட்டிலடியில் இருந்த ஷூ பெட்டியை இழுத்தேன். அட்டை கூழாகிக் கையோடு வந்தது. உள்ளே கேசட்டுகள், எல்லாம் ஒரே நிறம், அடையாற்றுச் சேற்று நிறம். நான்கைத்தான் காப்பாற்ற முடியும் போலிருந்தது. மூலைத் திருகுகளைக் கழற்றி, நாடாவை நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் நிழலில் உலர்த்தினேன். பக்கத்து மாடியில் மெத்தை காய்ந்துகொண்டிருந்தது, என் மாடியில் பாட்டு. பிறகு வேறு கூட்டில் மாற்றி, பென்சிலைச் செருகிச் சுற்றினேன். மேலே ஒட்டியிருந்த லேபிள்கள் நான்கும் போயே போச்சு. எது எது என்று ஓட்டிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

முதல் கேசட் ஓடியது. நாலு நொடியில் தெரிந்துவிட்டது, எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. அந்தக் குரலுக்கு லேபிள் எதற்கு? இரண்டாவதில் தண்ணீருக்கடியிலிருந்து வாசிப்பதுபோல வயலின்கள், 'ஹௌ டு நேம் இட்?'தான். பெயர் அழிந்த கேசட்டுக்குள்ளிருந்து அந்தத் தலைப்பு! சிரித்தே விட்டேன். மூன்றாவது என் தங்கை மகனின் மழலை, நானே பதிவு செய்தது.

நான்காவதில் ஒரு பெண் குரல். கூட உடுக்கை, எங்கோ ஒரு நாயனம். கரகரத்த, உச்சியில் கொஞ்சம் உடைந்து மறுபடி கூடிக்கொள்ளும் குரல். நடவுப் பாட்டு இரண்டு, ஒரு தாலாட்டு, நீளமான ஒப்பாரி ஒன்று. தொண்ணூறுகளில் ஏதோ ஒரு கோயில் திருவிழாவில், பலூன் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்தவரிடம் வாங்கியது, அதுவரை நினைவிருக்கிறது. அட்டையில் அந்த அம்மாவின் பாஸ்போர்ட் சைஸ் படம் இருந்தது, கீழே ஊரும் பெயரும். இருபது வருஷமாக எத்தனையோ தடவை அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது பெயரைப் படித்தேனா என்று இப்போது மண்டையை உடைத்துக்கொள்கிறேன். பச்சை மையில் அச்சடித்திருந்தது ஞாபகம் வருகிறது, எழுத்து வரவில்லை.

இளையராஜா ஆல்பம் எங்கே தேடினாலும் கிடைக்கும். அந்த நாடா போனால் ஒன்றும் நஷ்டமில்லை. இவரை எங்கே, என்னவென்று தேடுவது? 'ஒப்பாரி, பெண் குரல்' என்று போட்டால் ஆயிரம் வருகிறது. ஊடே ஒரு இடத்தில் அவரே தன் ஊரைச் சொல்லிப் பாடுகிறார். சரியாக அந்த இடத்தில்தான் நாடா கசங்கியிருக்கிறது. 'பட்டி' என்று முடிவது மட்டும் காதில் விழுகிறது. தமிழ்நாட்டில் எத்தனை பட்டி என்று உங்களுக்கே தெரியும்.

கேசட்டில் புது லேபிள் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை. 'பாரம்பரியம்' என்று எழுதப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

கேட்கிறவர் பெயரைக் கேட்கிறீர்களே, பதில் எழுதுகிற உங்கள் பெயர் எங்கே?
*(கிண்டி எஸ்டேட் லேத் பட்டறை, கடைசித் துண்டுச் சீட்டு)*

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் நேற்று இதையே கேட்டேன், "என் பேர் உங்களுக்குத் தெரியுமா?" என்று. ரொம்ப நேரம் யோசித்தார். "பொட்டி சார்னுதானே சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றார். அவர் பெயர் என்ன என்று திருப்பிக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை, எட்டு வருஷமாக அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறேன். திங்கட்கிழமை கேட்டுவிட வேண்டும்.